ஒரே ஆசிலேட்டர் உள்ள சிந்தசைசருக்கு மாடுலர் ஆசிலேட்டரைச் சேர்ப்பது: மின்சாரத்திலிருந்து சுருதி வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் கீபோர்டு வாசிக்கும் தம்பிமார் சிலர் இப்போது சின்ன அனலாக் சிந்தசைசர் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்கிறார்கள். வாங்கிக் கொஞ்ச நாளில் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: உறுமி அடிக்க ஆரம்பித்தால் இதன் குரல் மெலிந்து காணாமல் போகிறதே, கனமாக்க என்ன வழி? சிந்தசைசரை மாற்ற வேண்டியதில்லை. ஒலியின் நிறத்தைச் செதுக்கும் அதன் ஃபில்டரையும், ஒலி எழுந்து அடங்குவதைக் கட்டுப்படுத்தும் என்வலப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து ஒரு மாடுலர் ஆசிலேட்டரை (தனிப் பெட்டியில் பொருத்தும், ஒலியைப் பிறப்பிக்கும் பகுதியை) உள்ளே விட்டால் போதும்.

வேலை கடினமில்லை. வரிசை தவறினால்தான் கடினம். கேபிளைச் செருகிய உடனே எல்லாரும் கனமான ஒலியைத் தேடிப் போய்விடுகிறார்கள். சுருதியைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். அது நேர்மாறாக இருக்க வேண்டும். மின்சாரம், ஒலி அளவு, சுருதி மூன்றும் ஒழுங்கான பிறகுதான் கனத்தைப் பற்றிய பேச்சு.

உதாரணத்துக்கு மூக் நிறுவனத்தின் மதர்-32 சிந்தசைசரை எடுத்துக்கொள்கிறேன். அதில் ஆசிலேட்டர் ஒன்றுதான். வலது பக்கம் 32 ஜாக்குகள் உள்ள பேட்ச்பே, அதாவது கேபிள் செருகும் பலகை, இருக்கிறது. உங்களுடையது வேறு என்றால் ஜாக்கின் பெயர் மாறும், முறை மாறாது.

1. வாங்கும் முன் உங்கள் சிந்தசைசரைப் பாருங்கள்

இரண்டு ஜாக்குகள் கட்டாயம் வேண்டும். ஒன்று, வெளி ஒலியை ஃபில்டருக்குள் விடும் ஆடியோ உள்வழி. மதர்-32-இல் அதன் பெயர் ‘எக்ஸ்ட் ஆடியோ’. இன்னொன்று, எந்தக் கட்டையை அழுத்தினோம் என்பதை வோல்ட்டேஜாக வெளியே அனுப்பும் சுருதி வெளிவழி. அதன் பெயர் ‘கேபி’. முதலாவது இல்லையென்றால் வெளி ஆசிலேட்டர் உங்கள் ஃபில்டரைத் தொடவே முடியாது. இரண்டாவது இல்லையென்றால் அது ஒரே ஸ்வரத்தில் நின்று ரீங்கரிக்கும். ஆடியோ உள்வழி மட்டும் இருந்து சுருதி வெளிவழி இல்லையென்றால், மிடியை (கீபோர்டு அனுப்பும் டிஜிட்டல் செய்தியை) சுருதி வோல்ட்டேஜாக மாற்றும் பெட்டி ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது வோல்ட்டேஜ் கணக்கு. யூரோரேக் என்ற அளவில் செய்யப்பட்ட மாடுல்கள் (பெட்டியில் பொருத்தும் தனித்தனிப் பகுதிகள்) பேசுவது ஆக்டேவுக்கு 1 வோல்ட் என்ற கணக்கில். ஒரு வோல்ட் கூடினால் அதிர்வெண் இரட்டிப்பாகும்; அரை ஸ்வரத்துக்கு 83.3 மில்லிவோல்ட். கோர்க் எம்எஸ்-20 மினி வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். அதன் கணக்கு ஹெர்ட்ஸுக்கு வோல்ட்: ஒவ்வொரு ஆக்டேவுக்கும் வோல்ட்டேஜே 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும். இரண்டையும் நேராக இணைத்தால் எதுவும் எரியாது. ஆனால் எவ்வளவு திருகினாலும் சுருதி சேராது. நடுவில் மாற்றி வேண்டும்.

2. சேர்த்து வைக்க வேண்டிய சாமான்கள்

ஆசிலேட்டர் மாடுல் ஒன்று. சா, பல்ஸ், டிரையாங்கிள், சைன் என்று நான்கு அலைகளும் தனித்தனி ஜாக்கில் வருகிற எளிய மாடுலாக இருக்கட்டும். டோப்ஃபர் ஏ-110-1 மாதிரி. பத்துப் பதினைந்து திருகுகள் உள்ளதை முதலில் வாங்காதீர்கள். தவறு எங்கே என்று தேடும்போது ஒவ்வொரு திருகின் மேலும் சந்தேகம் வரும்.

அதைப் பொருத்த ஒரு சின்ன யூரோரேக் பெட்டி, அதற்குரிய பவர் சப்ளை. அகலத்தை எச்பி என்ற அளவில் சொல்வார்கள். 1 எச்பி 5.08 மில்லிமீட்டர். ஏ-110-1 பிடிப்பது 10 எச்பி. பெட்டியின் ஆழத்தையும் பாருங்கள், மெல்லிய பெட்டிக்குள் சில மாடுல்கள் போகாது.

ஒலி அளவைக் குறைக்கவும் கலக்கவும் ஒரு சின்ன மிக்சர் மாடுல். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு இதற்காகவே மறுபடி தபாலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் இவை நம் கடைத்தெருவில் போய் எடுத்து வரும் பொருள்கள் அல்ல.

3.5 மில்லிமீட்டர் மோனோ பேட்ச் கேபிள் ஆறு. வீட்டில் கிடக்கும் இயர்போன் கேபிளை வெட்டி ஒட்டி இதற்குப் போடாதீர்கள். டியூனர் ஒன்று, கைப்பேசி ஆப் போதும். நுனி மெல்லிய சின்ன ஸ்குரூடிரைவர் ஒன்று, பிளாஸ்டிக் நுனியாக இருந்தால் நல்லது.

3. மின்சாரம்: இங்கே அவசரம் கூடாது

மாடுலின் பின்னாலிருந்து வரும் ரிப்பன் கேபிளில் ஒரு ஓரம் சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு ஓரம் −12 வோல்ட் பக்கம் போக வேண்டும். பெட்டியின் பஸ் போர்டிலும் (மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் பலகை) மாடுலிலும் அந்தப் பக்கம் குறிக்கப்பட்டிருக்கும். திருப்பிச் செருகினால் வோல்ட்டேஜ்கள் இடம் மாறிவிடும். பாதுகாப்பு டையோடு உள்ள மாடுல் தப்பிக்கும், இல்லாதது போய்விடும். ஒரு வரிசை தள்ளிச் செருகுவதும் அதே அளவு ஆபத்து. பின்கள் முழுவதும் உள்ளே இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

செருகும்போதும் கழற்றும்போதும் சுவரில் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். பெட்டியின் சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம்.

மின்னோட்டக் கணக்கு: ஒவ்வொரு மாடுலும் +12-இல் எத்தனை மில்லியாம்பியர், −12-இல் எத்தனை என்று அதன் குறிப்பில் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். பவர் சப்ளை தரக்கூடியதில் முக்கால் பங்குக்கு மேல் போகாமல் வைத்துக்கொண்டால் சூடு குறையும். சூடு குறைந்தால் சுருதியும் நிற்கும். காரணம் ஏழாவது படியில்.

4. ஆசிலேட்டரைத் தனியாகக் கேளுங்கள்

சிந்தசைசரைத் தொடாமல், ஆசிலேட்டரின் டிரையாங்கிள் வெளிவழியை மிக்சர் மாடுல் வழியாக ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். மிக்சர் திருகு பூஜ்யத்தில் இருக்கட்டும், அப்புறம் மெதுவாக ஏற்றுங்கள். இடைவிடாத ஒரு ஒலி வரும். நிறுத்த முடியாது, அதுதான் ஆசிலேட்டரின் இயல்பு. ‘கட்டையை விட்டாலும் நிற்க மாட்டேங்குது, கெட்டுப்போச்சா?’ என்று கேட்காதவர் குறைவு. நிறுத்துவது விசிஏவின் (வோல்ட்டேஜுக்கு ஏற்ப ஒலி அளவை ஏற்றி இறக்கும் பகுதியின்) வேலை. அது சிந்தசைசருக்குள் இருக்கிறது, அங்கே இன்னும் போகவில்லை.

நான்கு அலைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வையுங்கள். இப்போது ஒலி வருகிறது என்று தெரிந்துவிட்டால், பின்னால் எங்கே நின்றுபோனாலும் குறை ஆசிலேட்டரில் இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

5. ஃபில்டருக்குள் விடுதல்

இப்போது மிக்சரின் வெளிவழியை ஸ்பீக்கரிலிருந்து எடுத்து ‘எக்ஸ்ட் ஆடியோ’வில் செருகுங்கள். மதர்-32-இல் அந்த ஜாக்கில் கேபிள் போனதும் உள்ளே இருந்த நாய்ஸ் (இரைச்சல் ஒலி) விலகி, அந்த இடத்தில் வெளி ஒலி வரும். ‘மிக்ஸ்’ திருகு இடக்கோடியில் இருந்தால் உள் ஆசிலேட்டர் மட்டும், வலக்கோடியில் வெளி ஆசிலேட்டர் மட்டும், நடுவில் இரண்டும். கேபிளைச் செருகிவிட்டு ‘மிக்ஸ்’ திருகை இடப்பக்கமே விட்டுவிட்டு, ஒன்றும் மாறவில்லை என்பவர்கள் உண்டு.

நடுவில் மிக்சர் எதற்கு? யூரோரேக் ஆசிலேட்டரின் அலை உச்சிக்கு உச்சி சுமார் 10 வோல்ட் இருக்கும். சா அலைக்கு அது ஏறக்குறைய 2.9 வோல்ட் ஆர்எம்எஸ் (அலையின் பயனுறு அளவு). வீட்டு ஆடியோ கருவிகளின் லைன் அளவு 0.316 வோல்ட். கிட்டத்தட்ட 9 மடங்கு வித்தியாசம். லைன் அளவை எதிர்பார்க்கும் உள்வழி உள்ள சிந்தசைசரில் நேராகச் செருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, எந்த அலையைக் கொடுத்தாலும் ஒரே கரகரப்பாகக் கேட்கும். மாடுலர் அளவைத் தாங்கும் உள்வழியிலும் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பதே எனக்குப் பிடிக்கிறது. ஃபில்டர் திணறாமல் திறந்து மூடும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு ஆசிலேட்டர் இருந்தால் இரண்டின் வெளிவழிகளையும் ஒரே ஜாக்கில் சேர்க்கலாம் என்று மல்ட்டிப்பிளைப் பயன்படுத்தாதீர்கள். மல்ட்டிப்பிள் ஒன்றைப் பலவாகப் பிரிக்கத்தான். இரண்டு வெளிவழிகளை மோதவிட்டால் ஒன்றை மற்றது இழுக்கும், ஒலி தேய்ந்து வரும். கலப்பதற்கு மிக்சர்தான்.

இப்போது கட்டையை அழுத்துங்கள். வெளி ஆசிலேட்டரும் என்வலப்புக்குக் கட்டுப்பட்டுத் தொடங்கி நிற்கும். ஸ்வரம் மட்டும் மாறாது. சரி, அடுத்தது அதுதான்.

6. சுருதி வோல்ட்டேஜைக் கொடுத்தல்

‘கேபி’ வெளிவழியிலிருந்து ஆசிலேட்டரின் ஆக்டேவுக்கு 1 வோல்ட் உள்வழிக்கு ஒரு கேபிள். வேலை இவ்வளவுதான். ஆனால் இந்த இடத்தில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

பல ஆசிலேட்டர்களில் சுருதி உள்வழி இரண்டு இருக்கும். ஒன்று நேராகப் போவது. இன்னொன்றுக்கு அளவைக் குறைக்கும் திருகு உண்டு. ஏ-110-1-இல் அவை சிவி 1, சிவி 2. கட்டையின் வோல்ட்டேஜ் போக வேண்டியது நேராகப் போகும் சிவி 1-க்கு. ஒரு தம்பி வந்து, “அண்ணே, கீழ நல்லா இருக்கு, மேல போனா அழுவுது” என்றார். பார்த்தால் கேபிள் சிவி 2-இல் இருந்தது, திருகு முக்கால் பங்கில். ஒரு ஆக்டேவ் ஏறச் சொன்னால் அது முக்கால் ஆக்டேவ்தான் ஏறும். திருகை எங்கே வைத்தாலும் கச்சிதமாக நிற்காது.

இன்னொன்று மல்ட்டிப்பிள். ஆசிலேட்டர் ஒன்று மட்டும் என்றால் அது தேவையே இல்லை. இரண்டு என்றால் சுருதி வோல்ட்டேஜைப் பிரிக்க வேண்டும். பவர் இல்லாத சாதாரண மல்ட்டிப்பிளில் பிரித்தால் வோல்ட்டேஜ் சற்று விழலாம். அனுப்பும் பக்கம் 1,000 ஓம், வாங்கும் ஒவ்வொரு உள்வழியும் 1,00,000 ஓம் என்று வையுங்கள். ஒன்றை இணைத்தால் 1 சதவீதம் போகும், இரண்டை இணைத்தால் 2 சதவீதம். ஆக்டேவுக்கு 1,200 சென்ட் என்பதால் 2 சதவீதம் என்பது ஆக்டேவுக்கு 24 சென்ட், அரை ஸ்வரத்தில் கால் பங்கு. உள் ஆசிலேட்டருக்கு அந்த இழப்பு இல்லாததால் இரண்டும் பிரிந்து நிற்கும். பஃபர் (வோல்ட்டேஜ் விழாமல் காக்கும் சுற்று) வைத்த மல்ட்டிப்பிளை வாங்குங்கள். இந்தக் குறை அனுப்பும் மாடுலைப் பொறுத்தது, சிலவற்றில் வரவே வராது. ஆனாலும் சந்தேகத்தை ஒழிக்க அந்தச் செலவு தகும்.

7. சுருதி சேர்த்தல்

நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய படி இது. முதலில் எல்லாவற்றையும் போட்டு அரை மணி நேரம் சூடாக விடுங்கள்.

ஏன் என்றால், வோல்ட்டேஜை ஆக்டேவாக மாற்றும் வேலையை ஆசிலேட்டருக்குள் டிரான்சிஸ்டர்கள் செய்கின்றன. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால் அவற்றின் கணக்கு ஏறத்தாழ 0.33 சதவீதம் மாறும். சரிக்கட்டும் ரெசிஸ்டர் எதுவும் இல்லாத ஆசிலேட்டரில், தொடங்கிய இடத்திலிருந்து மூன்று ஆக்டேவ் மேலே அது 12 சென்ட் பிசகு. நல்ல மாடுல்களில் சரிக்கட்டுதல் உண்டு, ஆனால் முழுமையாக இராது. மத்தியானம் தகரக் கூரையின் கீழே சேர்த்த சுருதி, சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்த பிறகு அதே இடத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மின்விசிறியையும் ஏர்கானையும் பெட்டிக்கு நேராக வைக்காதீர்கள்.

சூடான பிறகு மதர்-32-இல் விசிஏ மோட் சுவிட்சை ‘ஆன்’ பக்கம் தள்ளுங்கள். ஒலி நிற்காமல் வரும், இரண்டு கையும் திருகுக்குக் கிடைக்கும். ஃபில்டரை முழுக்கத் திறந்து ரெசொனன்ஸைப் பூஜ்யமாக்குங்கள். ரெசொனன்ஸ் இருந்தால் ஃபில்டரின் சொந்த ஓசை காதைக் குழப்பும்.

‘மிக்ஸ்’ திருகு இடக்கோடி. உள் ஆசிலேட்டரை மட்டும் டியூனர் பார்த்துச் சேருங்கள். இதுதான் ஆதார சுருதி, இனி இதைத் தொடக் கூடாது. இரண்டையும் மாற்றி மாற்றித் திருகுகிறவர்கள் விடியும் வரை திருகுவார்கள்.

‘மிக்ஸ்’ வலக்கோடி. வெளி ஆசிலேட்டரில் டிரையாங்கிள் அலையை எடுத்து, டியூனர் காட்டும் அதே ஸ்வரத்துக்கு, அதே ஆக்டேவுக்குக் கொண்டுவாருங்கள். சா அலையில் மேல் ஸ்வரங்கள் பலமாக இருப்பதால் டியூனரும் காதும் ஆக்டேவை மாற்றிப் பிடிக்கும். டிரையாங்கிளில் அந்தத் தொல்லை குறைவு.

இப்போது ‘மிக்ஸ்’ நடுவில். டியூனரைக் கீழே வைத்துவிடுங்கள், இனி காதுதான். இரண்டு ஒலியும் சேர்ந்து பெருத்துச் சிறுத்து விம்மும். 220 ஹெர்ட்ஸும் 221 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் வினாடிக்கு ஒரு விம்மல். ஃபைன் திருகை மெதுவாகத் திருப்புங்கள். விம்மல் வேகமானால் தவறான பக்கம் போகிறீர்கள். நிதானமாகி, நீண்டு, நின்றே போனால் சேர்ந்துவிட்டது.

கீழ் ஸ்வரத்தில் சேர்த்தாயிற்று. இரண்டு ஆக்டேவ் மேலே அதே ஸ்வரத்தை அழுத்துங்கள். அங்கேயும் விம்மல் இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகலாம். மேலே மட்டும் பிசகினால் ஆசிலேட்டரின் ஆக்டேவ் அளவு தவறு. அதை மாற்றும் டிரிம்மர் (ஸ்குரூடிரைவரால் திருப்பும் சின்னத் திருகு) மாடுலின் பின்புறமோ முன்புறம் சின்னத் துளைக்குள்ளோ இருக்கும். உடனே ஸ்குரூடிரைவரை எடுக்காதீர்கள். முதலில் கேபிள் எந்த உள்வழியில் இருக்கிறது, நடுவில் மல்ட்டிப்பிள் இருக்கிறதா, மாடுல் சூடாகிவிட்டதா என்று பாருங்கள். தொழிற்சாலையில் சேர்த்து அனுப்பியதை, தவறான கேபிளுக்கு ஈடுகட்டுவதற்காகக் கலைக்கக் கூடாது.

மூன்றும் சரியாக இருந்தும் பிசகு நின்றால் மட்டும் டிரிம்மர். கீழ் ஸ்வரத்தில் ஃபைன் திருகால் விம்மலை நிறுத்துங்கள். மேல் ஸ்வரத்தில் டிரிம்மரால் நிறுத்துங்கள். திரும்பக் கீழே வந்தால் அங்கே கொஞ்சம் நகர்ந்திருக்கும். மறுபடி ஃபைன் திருகு. இப்படி மாறி மாறிச் செய்யச் செய்ய நகர்வு சிறுத்துக்கொண்டே போகும். கீழே ஃபைன், மேலே டிரிம்மர். இடம் மாற்றினால் முடிவே வராது.

8. இனிமேல் கனம்

விசிஏ மோட் சுவிட்சைப் பழையபடி ‘இஜி’ (என்வலப்) பக்கம் கொண்டுவாருங்கள். இரண்டு ஆசிலேட்டரிலும் சா அலை. வெளி ஆசிலேட்டரின் ஃபைன் திருகை மயிரிழை நகர்த்துங்கள். இரட்டை நாதஸ்வரம் வாசிக்கும்போது இருவரும் ஒரே ஸ்வரத்தில் நின்றாலும் இம்மி அளவு விலகலில் ஒரு அகலம் வருமே, அந்த அகலம்தான் நமக்கு வேண்டும்.

எவ்வளவு விலக்குவது? இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 5 சென்ட் விலக்கினால் 110 ஹெர்ட்ஸில் மூன்று வினாடிக்கு ஒரு விம்மல்தான். நிதானமாக, அழகாக இருக்கும். அதே 5 சென்ட் 880 ஹெர்ட்ஸில் வினாடிக்கு இரண்டரை விம்மல், நடுக்கம் மாதிரி கேட்கும். ஆகவே நீங்கள் வாசிக்கப்போகும் பகுதியின் மேல் ஸ்வரத்தில் நின்று விலக்குங்கள். கீழ் ஸ்வரத்தில் கேட்டு மயங்கி விலக்கினால் மெலடி மேலே ஏறும்போது அபஸ்வரம் ஆகிவிடும். எல்லா ஸ்வரத்திலும் ஒரே வேகத்தில் விம்ம வேண்டும் என்றால், ஆசிலேட்டரின் லீனியர் எஃப்எம் (வோல்ட்டேஜால் அதிர்வெண்ணை அசைக்கும்) உள்வழிக்கு மாறாத சின்ன வோல்ட்டேஜ் ஒன்றைக் கொடுக்கலாம். சில மாடுல்களில் அது சென்ட் கணக்கில் அல்ல, ஹெர்ட்ஸ் கணக்கில் விலக்கும். வேறு சிலவற்றில் அந்த உள்வழி நிலையான வோல்ட்டேஜைத் தடுத்துவிடும், அங்கே பலிக்காது.

உறுமியோடு போட்டி என்றால் விலக்குவதைவிட ஒரு ஆக்டேவ் கீழே இறக்குவது பயன் தரும். விலக்கம் ஒலியை அகலமாக்கும். ஆக்டேவ்தான் அடியைக் கெட்டியாக்கும். கீழ் ஆக்டேவில் பல்ஸ் அலையைச் சரிபாதி அகலத்தில் வையுங்கள். அதில் ஒற்றைப்படை மேல் ஸ்வரங்கள் மட்டுமே இருப்பதால், மேலே உள்ள சா அலையோடு இடித்துக்கொள்ளாது.

அடுத்து பஞ்சமம். வெளி ஆசிலேட்டரை ஏழு அரை ஸ்வரம் மேலே, விம்மல் நிற்கும் வரை சேருங்கள். விகிதம் 3க்கு 2. எடுப்பாக இருக்கும். ஆனால் ராகம் பார்த்துத்தான் போட வேண்டும், ஏனென்றால் நீங்கள் வாசிக்கும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அதன் பஞ்சமம் கூடவே ஒலிக்கும். மோகனத்தில் காந்தாரத்தைத் தொட்டால் மேலே நிஷாதம் வரும், மோகனத்தில் நிஷாதம் கிடையாது. மற்ற நான்கு ஸ்வரங்களும் ராகத்துக்குள்ளேயே விழும். இந்தோளத்தில் நிலைமை இன்னும் மோசம். பிசகுவது ஒரே ஸ்வரம்தான், ஆனால் அது ஷட்ஜம். ஒவ்வொரு முறை ஷட்ஜத்தில் வந்து நிற்கும்போதும் இல்லாத பஞ்சமம் தலைகாட்டும். இந்தோளத்துக்கு ஆக்டேவோடு நின்றுகொள்ளுங்கள்.

9. சிங்க்கும் எஃப்எம்மும்

இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன், மேலே உள்ளது கைவந்த பிறகு இவை தானாக வரும்.

உள் ஆசிலேட்டரின் ‘விசிஓ பல்ஸ்’ வெளிவழியை வெளி ஆசிலேட்டரின் சிங்க் உள்வழிக்குக் கொடுங்கள். உள் ஆசிலேட்டரின் ஒவ்வொரு சுற்றுக்கும் வெளி ஆசிலேட்டர் தன் அலையை முதலிலிருந்து தொடங்கும். அதனால் சுருதி எப்போதும் உள் ஆசிலேட்டருடையதுதான். வெளி ஆசிலேட்டரின் திருகு சுருதிக்குப் பதில் குரலின் நிறத்தை மாற்றும். ‘இஜி’ வெளிவழியைச் சிவி 2-க்குக் கொடுத்துத் திருகை மெல்ல ஏற்றினால் ஒவ்வொரு ஸ்வரமும் கிழித்துக்கொண்டு தொடங்கும். சுருதி நிற்காத மாடுலை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுக்கும் இது நல்ல வழி.

எஃப்எம்முக்கு வெளி ஆசிலேட்டரின் சைன் அலையை மிக்சரில் குறைத்து ‘விசிஓ லின் எஃப்எம்’ உள்வழிக்குக் கொடுங்கள். இரண்டின் அதிர்வெண்ணும் 1க்கு 1, 2க்கு 1 என்று முழு எண் விகிதத்தில் இருந்தால் ஸ்வரம் தெளிவாக இருக்கும். விகிதம் உடைந்தால் மணியோசை. ‘கேபி’ கேபிளை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் விகிதம் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும்.

10. மேடைக்குக் கொண்டுபோகும்போது

கேபிள்களைக் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், திருகுகளின் நிலை தெரிகிற மாதிரி. மண்டபத்துக்குப் போனதும் முதல் வேலை பெட்டிக்கு மின்சாரம் கொடுப்பது. ஸ்பீக்கர் கட்டி முடிப்பதற்குள் அது சூடாகியிருக்கும். அப்புறம் ஏழாவது படியில் டிரிம்மரை விட்டு மற்றதைச் செய்யுங்கள்.

கோயில் பந்தலில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால், சிந்தசைசர், மாடுலர் பெட்டி, மிக்சர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். எர்த் கம்பியை வெட்டினால் உறுமல் போகும் என்று மேடையில் யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள், அந்தக் கம்பி உங்கள் உயிருக்கு.

இடி முழங்க ஆரம்பித்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் கழற்றுங்கள், ஸ்பீக்கருக்குப் போகும் ஒலிக் கேபிளையும் கழற்றுங்கள். அதன் வழியாகவும் வரும்.